சோப்பு கூடாது

தானாக முன்வந்து ஒரு கழுவல் வேலை செய்த முதல் நாளே படிகத்தின் மானம் கப்பலேறியது.

கழுவியது வீட்டுப் பாத்திரமாக இருந்திருந்தால் குடி ஒன்றும் முழுகியிருக்காது. கழுவியது ஆய்வகத்துக் கண்ணாடி ஸ்லைடுகளை. கழுவியதோ, தேநீர் அறையில் எச்சில் கோப்பைகளுக்காக வைத்திருந்த எலுமிச்சை வாசனைச் சோப்புத் தண்ணீரால். கழுவிய தொட்டிக்கு மேலே, கண்ணுக்கு நேராக, சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'சோப்பு கூடாது.' அதை எழுதி ஒட்டியவரும் அவரேதான்.

படிகம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. மனிதர் மீசை கருத்திருந்த காலத்திலிருந்து திரவப் படிகங்களோடுதான் குப்பை கொட்டுகிறார். திரவப் படிகம் என்றதும் யாரும் மிரள வேண்டியதில்லை. கால்குலேட்டரில் எண் காட்டுகிறதே, அந்தச் சரக்குதான். பார்க்கக் கலங்கிய எண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் எண்ணெயைப் போலக் கண்டபடி கிடக்காது. உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் ஒரே திசையைப் பார்த்து அணிவகுத்திருக்கும். ஒரு திசை ஒளியை மட்டும் உள்ளே விடும் இரண்டு ஒளித்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நடுவில் இந்த எண்ணெய்ப் படலத்தை வைத்தால், மூலக்கூறுகள் எழுந்து நிற்கும்போது ஒரே கும்மிருட்டு. படுத்துவிட்டால் பளிச்சென்று வெளிச்சம். இதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் பாதி ஆயுளைக் கழித்துவிட முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

அவருடைய மனைவி அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே. அவளுக்கு முடிச்சு என்று பெயர். டி.என்.ஏ. என்றால் மற்றவர்களுக்குத் தாத்தா மூக்கு பேரனுக்கு வருவது; அவளுக்கு அது வெறும் கயிறு. எந்தக் கயிறு எந்தக் கயிற்றோடு ஒட்டும் என்று கணக்குப் போட்டு, இழைகளை வரவழைத்து, கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிடுவாள். ஆறும்போது அவை ஒன்றையொன்று தேடிப் பின்னிக்கொண்டு சின்னச் சின்னப் பெட்டிகளாக மடிந்து நிற்கும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. குளத்துப் பாசி கக்கும் நஞ்சு வந்து தொட்டால் மட்டும் அந்தப் பூட்டு திறக்கும்.

புருஷனின் எண்ணெயையும் பெண்டாட்டியின் கயிற்றையும் சேர்த்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. பெட்டிகளின் அடியில் கொழுப்பு வால்களை ஒட்டினார்கள். எண்ணெய்ப் படலத்தின் மேலுள்ள தண்ணீரில் பெட்டிகள் வந்து உட்கார்ந்ததும் வால்கள் எண்ணெய்க்குள் இறங்கும். வகுப்புக்குள் வாத்தியார் நுழைந்த மாதிரி மூலக்கூறுகள் மொத்தமும் எழுந்து நிற்கும். இருட்டு. தண்ணீரில் பாசி நஞ்சு இருந்தால் பூட்டுத் திறந்து, பெட்டி பிரிந்து, வாலும் கழன்று போய்விடும். வாத்தியார் வெளியே போனதும் பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே மூலக்கூறுகளும் செய்யும். வெளிச்சம். இருட்டென்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், வெளிச்சமென்றால் கூடாது. படித்தவர், படிக்காதவர் யாருக்கும் புரிகிற பதில்.

இதில் சோப்புக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை, அதுதான் விஷயம். சோப்பும் ஒருவகைக் கொழுப்பு வால். கூப்பிடாமலே வகுப்புக்குள் நுழைந்து, மணி அடித்தாலும் வெளியே போகாத வாத்தியார். ஒரு துளியின் மிச்சம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் போதும், மேலே ஆலகால விஷத்தையே ஊற்றினாலும் படிகம் எழுந்து நின்றபடி 'சுத்தம், சுத்தம்' என்று சாதிக்கும்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஏன் சோப்பை எடுத்தார் என்றால், அதற்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்துக்குப் போக வேண்டும்.

அன்று சாப்பிட்டு முடித்து அவள் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பத்திரிகையில் மூழ்கியிருந்தார். அத்தை, அதாவது அவருடைய மாமியார், பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் அவள் முதுகைத் திருப்பாமலே கேட்டாள்.

"ஒருவேளை நான் வேற ஊருக்குப் போற மாதிரி ஆச்சுன்னா, நீங்க என்ன செய்வீங்க?"

"கட்டிலோட ரெண்டு பக்கமும் நானே படுத்துத் தூங்குவேன்."

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். பத்திரிகைக்குப் பின்னால் அவரும் சிரித்துக்கொண்டார். குழாய் நின்றது.

"ஒரு நாளாவது ஒரு பாத்திரத்தைக் கழுவியிருக்கீங்களா?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் என்ன முடிச்சு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. பஞ்சு மனசுக்காரர்; அது தைத்துவிட்டது. காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆய்வகம் போய்ச் சேர்ந்தவர், அன்றைய செய்முறைக்காக எடுத்து வைத்திருந்த ஸ்லைடுகளில் லேசான மங்கலைக் கண்டார். முறைப்படி அசிட்டோனில் ஊறவைத்து, ஆல்கஹாலில் அலசி, அடுப்பில் காயவைக்க நேரமில்லை. 'ஒரு துளிதானே' என்று சோப்பை எடுத்தார். பளபளவென்று தேய்த்தார். பலமுறை அலசினார். சீட்டியடித்துக்கொண்டே துடைத்து அடுக்கினார். இன்றைக்கு அவளிடம் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது என்ற சந்தோஷம் வேறு.

செய்முறையைப் பார்க்க வந்தவர் குடிநீர்த் துறை அதிகாரி. ஏரித் தண்ணீரில் பாசி படரும் பருவம். அவருக்கு இந்தக் கருவி பிடித்தால் திட்டம் நீடிக்கும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆய்வகத் தலைவர் புதுச் சட்டையில் வந்திருந்தார். எதைக் கேட்டாலும் 'பரிசீலிக்கலாம்' என்பது அவர் வாய்ப்பாடு என்பதால் அவருக்குப் பெயரே பரிசீலனை.

மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றதில் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள குட்டையிலிருந்து மொண்டு வந்தது. பச்சைப் பசேலென்று இருந்த அதில் ஒரு கொசுப்புழு குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தது.

முடிச்சு ஐஸ் பெட்டியைத் திறந்து, பிப்பெட்டால் பெட்டிக் கரைசலை எடுத்து, எண்ணெய் தடவிய இரண்டு ஸ்லைடுகளிலும் விட்டாள். பிறகு ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். பெரிய திரையில் இரண்டு கட்டங்கள். இரண்டும் இருட்டு.

காத்திருந்தார்கள். இரண்டும் இருட்டு.

பரிசீலனை திரைக்கு முதுகைக் காட்டி அதிகாரியைப் பார்த்து நின்றதால், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார். "பாத்தீங்களா? எவ்வளவு தெளிவா, சந்தேகத்துக்கே இடமில்லாம சொல்லுது!"

"என்ன சொல்லுது?" என்றார் அதிகாரி.

"உண்மையைச் சொல்லுது சார்."

"அப்ப இந்தப் பச்சைத் தண்ணியை நான் குடிக்கலாம்."

பரிசீலனை திரும்பித் திரையைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். கொசுப்புழு அவரைப் பார்த்து இன்னொரு கரணம் அடித்தது.

முடிச்சு மீந்திருந்த ஸ்லைடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக மூக்கருகே கொண்டுபோனாள்.

"சார்," என்றாள். ஆய்வகக் கதவைத் தாண்டினால் புருஷன் சார், பெண்டாட்டி மேடம் என்பது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. "இதை யாரு கழுவுனது?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கலை அவருக்குக் கைவரவில்லை. கைவந்த கலை வேறு.

"நான்தான் மேடம். நேத்து ஒருத்தங்க கேட்டாங்க, ஒரு நாளாவது கழுவியிருக்கீங்களான்னு. ரோஷம் வந்துடுச்சு."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "சோப்புப் போட்டா மனுசங்கதான் நல்ல வார்த்தை சொல்வாங்கன்னு நினைச்சேன், மெஷினும் சொல்லுதே!" என்றார். பரிசீலனைகூட வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வாரக்கணக்கில் மடித்து வைத்திருந்த பெட்டிகள் அத்தனையும் வீண். ஐஸ் பெட்டியை மூடினாள். அந்த மூடியின் சத்தம் அவருக்கு நெஞ்சுக்குள் கேட்டது.

தலைவர் அறைக்கு அழைப்பு வந்தது.

"சோப்புங்கிற வார்த்தை இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது," என்றார் பரிசீலனை.

"அதிகாரி முன்னாடியே சொல்லியாச்சே சார்."

"சொன்னது வேற, எழுதறது வேற. 'எதிர்பாராத பரப்புசார் மாசு'ன்னு எழுதுங்க."

"அது சோப்புதானே சார்?"

"சோப்புதான். ஆனா சோப்பு இல்ல."

நம்மவர் தலையைச் சொறிந்தார். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. திட்டம் இருக்கா, இல்லையா?"

"அந்த அதிகாரி நல்ல மனுசன். தப்பை மறைக்காம அந்த நிமிஷமே ஒத்துக்கிட்ட ஆளுங்களை இப்பத்தான் பாக்கறேன், இன்னொரு தடவை வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அதனால பரிசீலிக்கலாம். ஆனா உங்க வீட்டம்மா முடிவையும் பொறுத்திருக்கு, இல்லையா?"

"எந்த முடிவு?" என்று கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, "ஆமா ஆமா, வீட்ல அதான் பேச்சு," என்றார்.

"கடலோரத்துல அவ்வளவு பெரிய லேப். அங்கிருந்து கூப்பிடறாங்கன்னா சும்மாவா! என்கிட்டயும் அபிப்பிராயம் கேட்டாங்க. நல்லாத்தான் சொல்லியிருக்கேன். நமக்கெல்லாம் பெருமைதானே?"

"பெரிய பெருமை சார்," என்றார் படிகம். படி இறங்கும்போது இல்லாத ஒரு படியில் கால் வைத்துத் தடுமாறினார்.

கடலோர ஊர் என்றால் பக்கமா? ரயிலில் ஏறினால் தூங்கி எழுந்தாலும் பாதி வழிதான். அவள் போகிறாளா? தனியாகவா? ஊருக்கே தெரிந்தது கட்டினவனுக்குத் தெரியவில்லையே! நேரே மாடிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்டு, அவள் 'ஆமா' என்றுவிட்டால்? அதைவிட மாமியாரிடம் போட்டு வாங்குவது மேல் என்று வீட்டுக்குப் போனார்.

அத்தை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அவ ஏதாவது சொன்னாளா?"

"எதைப் பத்தி மாப்பிள்ளை?"

"பொதுவா."

"பொதுவா நிறையச் சொல்றா. எதுன்னு சொல்றது?"

"இந்த... வேலை, ஊரு, அந்த மாதிரி."

"இந்தத் துண்டு உங்களுதா, என்னுதா மாப்பிள்ளை? ரெண்டும் ஒரே கலர்ல வாங்கித் தொலைச்சிருக்கா."

"என்னுது. அத்தை, கடலோரம்னு ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"எனக்கு எங்க மாப்பிள்ளை காது கேக்குது?" என்றார் அத்தை. பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லக்கூடிய காது அது. கழுவுற மீனில் நழுவுற மீன். கடைசித் துணியையும் மடித்து முடித்தபின் கொஞ்சம் இரங்கினார். "நான் வாயைத் திறந்தா அவ என்னைக் கொன்னுடுவா. கேக்க வேண்டியவங்ககிட்டக் கேக்க உங்களுக்கு வாயில்லையா? ஊருல உள்ள ஜோக்கெல்லாம் அந்த வாய்லதானே வருது!"

சாயந்திரம் அவள் வந்தாள். கைப்பையை மாட்டினாள், முகம் கழுவினாள். அவர் பின்னாலேயே நடந்தார்.

"கடல் காத்து உடம்புக்கு நல்லதுங்கறாங்க."

"யாரு?"

"பொதுவா."

"இருமல் வரும்," என்றாள்.

"துணி சீக்கிரம் காயுமாம்."

"உப்புப் படியும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். எதற்கோ காத்திருப்பது போலிருந்தது. "என்ன, திடீர்னு கடல் மேல பாசம்?"

"மீனெல்லாம் எப்படி இருக்குன்னு யோசிச்சேன்."

"நல்லாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விஞ்ஞானியல்லவா, கிடைத்த சான்றுகளை வைத்து ஆராய ஆரம்பித்தார். இருமல் வரும் என்றாள், அப்படியென்றால் போகவில்லை. அதெப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும்? விசாரித்திருக்கிறாள்; அப்படியென்றால் போகிறாள். பரணிலிருந்து பெரிய பையை இறக்கினாள். போச்சு! பையிலிருந்து பழைய போர்வையை எடுத்து உதறி, பையை மறுபடி ஏற்றினாள். அப்பாடா! நாளெல்லாம் இதே பிழைப்பு. அவள் முகத்தை எந்த ஒளித்தாளுக்கு நடுவே வைத்துப் பார்த்தாலும் இருட்டாகவே இருந்தது. அது கவலையில்லாத இருட்டா, சோப்பு இருட்டா என்பதுதான் பிடிபடவில்லை.

பரிகாரமாகத் தினமும் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினார். அத்தை முதல் நாள் பதறி, "மாப்பிள்ளை, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவளோ அவர் கழுவி வைத்த சட்டியை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ஒருமுறை கழுவினாள். முன்னாலாவது ஒரு கழுவலில் முடிந்த காரியம்.

இரண்டாவது செய்முறைக்கு நாள் குறித்தார்கள். முடிச்சு புதிய பெட்டிகளை மடித்தாள். இந்தமுறை ஒவ்வொரு சோதனைக்கும் துணையாக இன்னும் இரண்டு ஸ்லைடுகள் வைக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஒன்றில், எந்த நஞ்சு வந்தாலும் திறக்காத பெட்டி. அது இருட்டாகவே இருந்தாக வேண்டும். மற்றதில் தெரிந்தே நஞ்சை விடுவார்கள். அது வெளிச்சமாகியே தீர வேண்டும். ஆகவில்லையென்றால் யாரோ சோப்புப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மூன்றாவது ஸ்லைடுக்கு ஆய்வகத்தில் அதற்குள் 'படிகம் டெஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷ உழைப்பில் அவர் பெயரால் நிலைக்கப்போவது அது ஒன்றுதான்.

செய்முறைக்கு முந்தின நாள் இருவரும் சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். அவர் ஸ்லைடுகளை முறைப்படி ஊறவைத்து, அலசி, காயவைத்திருந்தார். உளுந்தம்பருப்பு அகலச் செம்பு வலையைக் கண்ணாடிமேல் வைத்து, வலைக்கண்களில் எண்ணெய் நிரப்பினார். அவள் பிப்பெட்டோடு குனிந்தாள். ஒருவர் மூச்சு மற்றவர் கைமேல் படும் தூரம்.

"சார், மேசையை ஆட்டாதீங்க."

"ஆட்டலை மேடம். இதயம் அடிக்குது."

"அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க."

பச்சைத் தண்ணீரை விட்டாள். திரையில் இருட்டு. பிறகு ஓர் ஓரத்தில், கறுப்புத் துணியில் யாரோ ஊசியால் குத்தியதுபோல ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. மளமளவென்று பரவி, மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக வலைக்கண்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டன. எத்தனையோ முறை பார்த்ததுதான். இருந்தும் இருவரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்திருந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேட்க இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது. வாயைத் திறந்தார்.

"வாத்தியார் வெளிய போயிட்டார்," என்றது வாய்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, "ம்," என்றாள். சிரிப்பு அணைந்தது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அதிகாரி கையில் ஒரு பாட்டிலோடு வந்தார். "உங்க குட்டைத் தண்ணியெல்லாம் வேணாம். இது ஏரியில இருந்து வர்ற தண்ணி. இதைப் பாருங்க." கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீர். யாரும் ஒரு மடக்குக் குடிக்க ஆசைப்படுவார்கள்.

மூன்று ஸ்லைடுகள், திரையில் மூன்று கட்டங்கள். படிகம் டெஸ்ட் எதிர்பார்த்தபடி பளிச்சென்றானது. திறக்காத பெட்டி இருட்டாகவே நின்றது. நடுக்கட்டத்தில், ஏரித் தண்ணீரில், ஓர் ஓரமாக ஊசிக்குத்து ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு கட்டம் முழுக்க.

அதிகாரி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பரிசீலனை தொண்டையைச் செருமினார். "ஒரு கோணத்துல பாத்தா இது ஒரு சாத்தியத்தைக் காட்டுது. ஆனா இன்னொரு கோணத்துல, மேற்கொண்டு ஆய்வுகளோட வெளிச்சத்துல பரிசீலிக்கும்போது..."

"ஐயா," என்று அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு ஃபோன் பண்ற ஜனங்க கோணம் கேக்கறதில்ல. குடிக்கலாமா, கூடாதாங்கறாங்க. நானும் அதைத்தான் கேக்கறேன். குடிக்கலாமா, கூடாதா?"

"இன்னொரு தடவை வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் முடிச்சு. புதுசாக மூன்று ஸ்லைடுகளை வைத்தாள். அதே பதில். பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு அதிகாரியை நேராகப் பார்த்தாள்.

"கூடாது."

அதிகாரி அங்கேயே நின்றபடி ஃபோனை எடுத்து, "ஏரி வால்வை மூடச் சொல்லு. ஆமா, இப்பவே. நம்ம துறை லேபுக்கும் தண்ணி அனுப்பு," என்றார். போகும்போது படிகத்தின் தோளில் தட்டினார். "கேட்டேன், சொன்னாங்க. எவ்வளவு சுலபம் பாத்தீங்களா? இதுக்கு எதுக்கு சார் இத்தனை கோணம்?"

பரிசீலனை அவரை வழியனுப்ப ஓடினார். திட்டம் இனி நிலைத்த மாதிரிதான் என்று அவர் நடையிலேயே தெரிந்தது.

தொட்டியருகில் இருவரும் நின்றார்கள். அவள் அலச, அவர் துடைத்தார். தலைக்கு மேலே சிவப்பு எழுத்து. அதிகாரி சொன்ன வார்த்தை அவர் காதுக்குள்ளேயே சுற்றியது. கேட்டேன், சொன்னாங்க. துடைத்துக்கொண்டிருந்த ஸ்லைடைக் கீழே வைத்தார். உடைத்துவிடக் கூடாதே என்ற பயம்.

"நீ போறியா?"

"எங்க?"

"கடலோரத்து லேபுக்கு. என்னை விட்டுட்டுப் போறியா?"

இதில் சிரிக்க ஒன்றுமில்லையா என்று சோதிப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று உறுதியானதும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல. போகல."

"ஏன்?"

"அவங்களுக்கு என் பெட்டி மட்டும் போதுமாம். படிகத்துக்கு அங்கயே ஆள் இருக்காம். உங்களுக்கும் ஒரு இடம் வேணும்னு கேட்டேன். பாக்கறோம், பாக்கறோம்னு இழுத்தாங்க. என்கிட்டயே பதில் இல்லாதப்ப உங்ககிட்ட என்னத்தைச் சொல்றது? கடைசில முடியாதுன்னுட்டாங்க. நானும் வரலைன்னு சொல்லிட்டேன். முந்தாநாள்."

அவருக்கு உடம்பெல்லாம் லேசானது. அடுத்த நொடியே அந்த லேசைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இந்த வேலையை உதறிட்டுக்கூட வந்திருப்பேனே."

"கேட்டேனே."

"எப்ப?"

"கட்டிலோட ரெண்டு பக்கமும் படுத்துத் தூங்குவேன்னீங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயில் ஒரு ஜோக் இருந்தது. நல்ல ஜோக்குதான், அத்தை இருந்திருந்தால் சிரித்திருப்பார். மென்று விழுங்கினார். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இறங்கியது.

"இப்பக் கேட்டா அவங்க..."

"வேற ஆளை எடுத்துட்டாங்க."

ஸ்லைடு ஒன்றை எடுத்தார். ஏற்கனவே துடைத்ததுதான். மறுபடி துடைத்தார். அடுத்த கேள்விக்கு அவள் வழக்கமாகச் சொல்லும் பதில் அவருக்குத் தெரியும். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பாள். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனாலும் இந்தமுறை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வருத்தமா இருக்கா?"

அவள் குழாயை இறுக மூடினாள்.

"இருக்கு," என்றாள். "நிறைய இருக்கு."